ஏழாவது ஆள்

தோட்டத்தில் ஒரு பிள்ளை தலையெடுத்துவிட்டான் என்று ஊர் ஒப்புக்கொள்வதற்குச் சில வழிகள்தான் உண்டு. கொழும்பில் புடவைக்கடையில் நின்று, பொங்கலுக்கு வரும்போது எல்லோருக்கும் சட்டைத்துணி கொண்டுவரலாம். ஆசிரியர் நியமனம் வாங்கித் திருவிழாவில் மாலை போட்டுக்கொள்ளலாம். கட்டாருக்குப் போய் லயத்துக் காம்பராவுக்கு டைல்ஸ் பதிக்கலாம். பட்டாளத்துக்குப் போனவனை என்ன செய்வது என்பதற்கு எங்கள் இறக்குவானைப் பக்கத்தில் முன்மாதிரி கிடையாது. என் மகனுக்குக் கடிதம் வந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பாதிக் கல்யாண முகமும் பாதிச் சாவு முகமுமாக வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

நான் தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ரோலர், டிரையர், சல்லடை மெஷின் எல்லாம் என் கைக்கு அடங்கியவை. வீட்டில் என் கைக்கு அடங்குவது ரேடியோ மட்டும். மகன் என்னிடம் சொல்லாமல்தான் விண்ணப்பம் போட்டான். அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போட்டான் என்பது பிறகு வெளிவந்தது. அவள் அப்போது கேட்டது ஒரே கேள்வியாம்: "அங்க சோறு போடுவாங்களா சாமி?" போடுவார்கள் என்றதும் அவளைப் பொறுத்தவரை விசாரணை முடிந்துவிட்டது.

கொழும்பிலிருந்து மச்சான் போன் எடுத்தார். "நம்ம ஆளுங்க போற எடமா மச்சான் அது?" என்றார். அந்தக் கேள்விக்குள் முப்பது வருடச் சண்டை இருந்தது. நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது மகன் போனை வாங்கினான். "மாமா, நான் இன்ஜினியர்ஸ் பக்கந்தான் கேட்டிருக்கேன். பாலம் போடுறது, ரோட்டு, தண்ணி, கண்ணிவெடி எடுக்கிறது." கடைசிச் சொல் காதில் விழுந்ததும் மாமாவுக்குப் பாலமும் ரோட்டும் தண்ணியும் மறந்துபோயின.

பிள்ளையைப் படிக்க அனுப்பும் பெற்றோர் என்னென்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். பீஸ் கட்டுவார்கள், பஸ் காசு தேடுவார்கள், சப்பாத்து வாங்க நகை அடகு வைப்பார்கள். பட்டாளப் பயிற்சியில் இவற்றில் ஒன்றுக்கும் இடமில்லை. சோறு அவர்கள் போடுகிறார்கள். சப்பாத்து அவர்கள் கொடுக்கிறார்கள். முடியையும் அவர்களே வெட்டிவிடுகிறார்கள். விடியற்காலையில் எழுப்புவதும் அவர்கள்தான். அவன் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அவன் அம்மா முயன்று தோற்ற வேலை அது. இத்தனைக்கும் மேலே, மாதம் பிறந்தால் சம்பளமும் போடுகிறார்கள். தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு 1000 ரூபாய் வேண்டும் என்று வருடக்கணக்காகக் கொடி பிடித்து, அது வர்த்தமானியில் வந்ததே 2021இல்தான். ஒருவன் ஓடுவதற்கும் குனிவதற்கும் அரசாங்கம் காசு கொடுக்கும் என்பதை மலையேறிக் கொழுந்து பறிக்கிறவளால் கடைசி வரை நம்ப முடியவில்லை. வங்கிப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஓடினதுக்கா?" என்றாள்.

ஆக, செய்வதற்கு மிஞ்சியது பலகாரம் ஒன்றுதான். அடிப்படைப் பயிற்சி எந்த முகாமில் என்று நான் சொல்லப்போவதில்லை. பார்க்கப் போகும் நாளில் ஒரு டின் முறுக்கும் எள்ளுருண்டையும், போத்தலில் மாசிச் சம்பலும் கொண்டுபோனோம். ராத்திரி டின்னைத் திறந்ததும், எத்தனை முறுக்கு யாருக்கு என்று ஒரு கூட்டம் கூடியதாம். மகனுக்குக் கிடைத்தது டின்னின் மூடி. அடுத்த தடவை டின் திரும்பி வந்தபோது உள்ளே சிங்களத்தில் ஒரு துண்டு இருந்தது. 'அம்மே, ரொம்ப நன்றி, இந்த டின் சின்னது' என்று எழுதிக் கீழே ஒரு பட்டாளமே கையெழுத்துப் போட்டிருந்தது. அதை வாசித்துச் சொன்ன கடை முதலாளிக்கே பசி எடுத்துவிட்டது. என் மனைவி அன்றைக்கே பெரிய டின் வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கலாம். அவனுக்குப் பின்னால் வரிசை நிற்கும், நேரம் கொஞ்சம். முதலில் அவன் அம்மா, பிறகு தங்கச்சி, பிறகு என் அம்மாவான அவன் அப்பாயி, பிறகு நான் என்று எங்கள் பக்கமும் வரிசைதான். முதல் மூன்று பேரும் "சாப்பிட்டியா" என்று தனித்தனியாகக் கேட்பார்கள். போன் என் கைக்கு வரும்போது, "அப்பா, வைக்கிறேன்" என்ற வசனம் மட்டும் மிச்சமிருக்கும்.

அப்பாயி மட்டும் ஒருநாள் சோற்றைத் தாண்டி ஒரு கேள்வி கேட்டார். "தொரை எப்படிடா? கத்துவாரா?"

"ரொம்பக் கத்துவாரு அப்பாயி."

"அப்போ நல்ல தொரைதான். சிரிச்சிக்கிட்டே அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளத்த வெட்டுறவன்தான் மோசம்."

காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று ஆயுளைக் கழித்தவரின் தீர்ப்பு அது. பிறகு அவன் யார் எவ்வளவு கத்தினாலும் அப்பாயியை நினைத்துச் சமாளித்துக்கொண்டான். பெற்றவன் என்ற முறையில் நான் தயார் செய்து வைத்திருந்த அறிவுரைகளுக்கு அத்தோடு வேலையில்லாமல் போனது.

அடிப்படை முடிந்ததும் பொறியியல் பாடத்துக்கு அவனை எம்பிலிப்பிட்டியவுக்கு அனுப்பினார்கள். இராணுவத்தின் பொறியியல் பாடசாலை அங்கேதான் இருக்கிறது. எங்களுக்கு வந்த சந்தோஷம் பூகோளம் சம்பந்தப்பட்டது. அதுவும் எங்கள் இரத்தினபுரி மாவட்டம். இறக்குவானையில் பஸ் ஏறி, மாதம்பையில் பெரிய ரோட்டைப் பிடித்து, கொடகவெல, பல்லேபெத்த தாண்டிப் போனால் எம்பிலிப்பிட்டிய. ஏறும்போது சுவெட்டர் போட்டிருக்க வேண்டும். கொடகவெலவில் அதைக் கழற்ற வேண்டும். பல்லேபெத்தவில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட வேண்டும். எம்பிலிப்பிட்டியவில் இறங்கும்போது தேயிலைக்காரன் எவனும் இனிமேல் குளிரைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்வான். ஒரே மாவட்டத்துக்குள் தேயிலை முடிந்து இறப்பர் வந்து, அதுவும் முடிந்து வாழைத்தோட்டமும் வயலும் எருமைத் தயிர்ச் சட்டிகளும் வந்துவிடும். கொஞ்சம் விலகினால் உடவளவ. அங்கே மின்வேலிக்கு அந்தப் பக்கம் யானைகள் நின்று, இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் வாழைப்பழ வரி வாங்கும். மகன் அனல் காற்றில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் என் மனைவி அவனுக்குக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள்.

பொறியியல் என்றதும் எனக்கு உயிர் வந்தது. முறுக்குக்கு அவள் இருந்தாள். இரும்புக்கு இனி நான். முதல் வேலையாக மச்சானின் கேள்விக்குப் பதில் தேடிப் படித்தேன். நம்ம ஆட்கள் போகிற இடமா அது? 1780இல் மதராஸ் பயனியர் என்று இரண்டு கம்பனி ஆட்களோடு தொடங்கியதுதான் இன்றைக்கு பெங்களூரில் இருக்கும் மதராஸ் பொறியியல் படைப்பிரிவு. எதிரியின் முள்கம்பி வேலியைத் தகர்ப்பதற்காக நீளக் குழாயில் வெடிமருந்தை அடைத்து உள்ளே தள்ளும் ஆயுதத்தை, 1912இல் அந்தப் படையைச் சேர்ந்த கப்டன் மக்ளின்டொக் பெங்களூரில்தான் உருவாக்கினார். அதனால் அதற்கு பெங்களூர் டோர்பிடோ என்றே பெயர். 1944இல் நோர்மண்டிக் கடற்கரை வரை போன சாமான் அது. இலங்கையில் மலைநாட்டு ரோடுகளை வெட்டியதில் பெயர் பெற்றவர் தோமஸ் ஸ்கின்னர். 1820இல் கண்டி ரோட்டு வேலையில் அவரை இறக்கியபோது அவருக்கு வயது பதினாறு. அந்தக் காலத்து ரோட்டு வேலைக்காக இருந்த பயனியர் படைக்கு ஆள் சேர்த்தது தென்னிந்தியாவிலிருந்து. தேயிலை வருவதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, பட்டாளச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நம்ம ஆட்கள் இந்த மலையில் பாறை உடைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் மச்சானுக்குப் போன் போட்டு மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்களுக்குப் பென்ஷன் கிடைச்சிச்சா?" என்றார். என் வரலாற்று ஆராய்ச்சி அன்றோடு நின்றது.

அடுத்தது பாலம். வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போன இடங்களில் பட்டாளத்தார் வந்து இரும்புப் பாலம் போடுவதை எங்கள் பக்கத்தில் பார்க்காதவர்கள் இல்லை. அதுதான் பெய்லி பாலம். டொனால்ட் பெய்லி பிரிட்டிஷ் யுத்த அமைச்சில் வேலை பார்த்த ஒரு அரசாங்க உத்தியோகத்தர். பாலங்களின் சின்ன மாதிரி செய்து பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. இரண்டாம் உலக யுத்தத்தில் அவர் யோசனை எடுபட்டு, இத்தாலியிலிருந்து பிரான்ஸ் வரை ஆறு ஆறாகப் பாலம் போட்டார்கள். 1946இல் அவருக்கு 'சேர்' பட்டம் கொடுத்தார்கள். எனக்கும் வீட்டில் பொழுதுபோக்குகள் இருந்தன. அவற்றுக்கு இங்கே கிடைத்த பட்டம் வேறு.

லீவில் வந்த மகன் அந்தப் பாலத்தின் சூட்சுமத்தை விளக்கினான். பத்து அடி நீளம், ஐந்து அடி உயரமுள்ள இரும்புச் சட்டங்களைப் பின் அடித்துக் கோத்துக்கொண்டே போவது. கிரேன் வேண்டாம். ஆற்றின் இந்தக் கரையிலேயே முழுப் பாலத்தையும் கட்டி, உருளைகளின் மேல் வைத்து அக்கரைக்குத் தள்ளுவார்கள். நடு ஆற்றில் தாங்க ஒன்றும் இராது. முன்னால் பாரம் குறைந்த மூக்கு ஒன்று மாட்டி, பின்பக்கம் பாரம் கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், முன்பக்கம் அந்தரத்தில் நீண்டு அக்கரையைத் தொடும்வரை தலைகுப்புற விழாது. இதைக் காட்ட அவன் மேசை விளிம்பில் ஒரு அடிமட்டத்தை நீட்டி வைத்து, அதன் பின்முனையில் மாரி பிஸ்கட்டுகளை அடுக்கினான். அடிமட்டம் பாதிக்கு மேல் வெளியே நீண்டு அசையாமல் நின்றது. நாங்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பாயி பின்பாரத்தை எடுத்துத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டார். பாலம் ஆற்றில் விழுந்தது.

"அப்பாயி, நீங்க இருந்தா இங்கிலீஷ்காரன் யுத்தத்தில தோத்திருப்பான்" என்றான்.

"நல்லாயிருக்குடா, இன்னொரு பாலம் கட்டு" என்றார் அப்பாயி.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பின் துளைகளுக்கு எந்த கிரீஸ் போடவேண்டும், துரு பிடித்த பின்னை எப்படித் தட்டி எடுக்கவேண்டும் என்றெல்லாம் ஸ்டோர் அனுபவத்திலிருந்து எடுத்துவிட்டேன். அவன் மரியாதையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, ஒரு சட்டத்தின் பாரம் சுமார் 260 கிலோ என்றான். அதைக் குறுக்குத் தடி கொடுத்து ஆறு பேர் தூக்குவார்கள். நான் மனக்கணக்குப் போட்டேன். ஆறால் வகுத்தால் ஆளுக்கு நாற்பத்துமூன்று கிலோ சொச்சம். ஆஸ்பத்திரித் தராசில் என் அம்மா காட்டும் எடையும் அதுதான். ஆளுக்கு ஒரு அப்பாயியைத் தூக்கிக்கொண்டு என் பிள்ளை எம்பிலிப்பிட்டிய வெயிலில் நடக்கிறான் என்பது அப்போதுதான் விளங்கியது.

"ஏழு பேரா தூக்கினா என்னா?" என்று கேட்டேன். பெற்ற மனம்.

"ஏழாவது ஆளுக்குப் பிடிக்க எடம் இல்லப்பா. நல்லதுக்குன்னுதான் கை வைப்பான். வச்சா மத்த ஆறு பேருக்கும் கால் இடறும். தள்ளி நிக்கச் சொல்லிருவாங்க."

அவன் பாலத்தைப் பற்றித்தான் பேசினான். ஆனால் என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு கையில் பாதி பின்னிய கம்பளித் தொப்பியைப் பார்த்து, அதைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

ஏழாவது ஆளாக இருப்பது சுலபமில்லை. ஆறு பேரில் ஒருவனுக்குத் தோள் மட்டும்தான் நோகும். ஏழாவது ஆளுக்குக் கை சும்மா இருப்பதால் மனது முழுக்க வேலை செய்யும். உதாரணம், பாஷை. மகன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பாடமோ சிங்களத்தில் ஓடும், இடையிடையே இங்கிலீஷ் சொற்கள் வந்து இடிக்கும். இறக்குவானைக் கடைத்தெருச் சிங்களத்தில் அரிசி வாங்கலாம், சண்டை பிடிக்கலாம். இழுவிசை, அமுக்கவிசையெல்லாம் அதில் கிடையாது. விளங்காத சொற்களைத் துண்டில் எழுதி லீவில் கொண்டுவருவான். நான் அதை எடுத்துக்கொண்டு ஹாட்வெயார் முதலாளியிடம் போவேன். அவர் கடையில் நின்ற மேசன்பாஸைக் கூப்பிடுவார். மேசன் பஸ் கொன்டக்டரைக் கூப்பிடுவார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு தகரத்துண்டை வளைத்து, இழுத்து, வெட்டி எனக்கு விளக்குவார்கள். நான் வீட்டுக்கு ஓடிவந்து மகனுக்கு விளக்கும்போது அவன் தூங்கியிருப்பான்.

அந்தச் சொற்களை அவனுக்கு உண்மையில் சொல்லிக்கொடுத்தவன் பக்கத்துக் கட்டில்காரனான அம்பலாந்தோட்டைப் பையன். ராத்திரியில் அவன் இவனுக்குச் சிங்களச் சொல் சொல்லிக்கொடுப்பான். இவன் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான். ஹாட்வெயார் கடையில் நாங்கள் நடத்திய பல்கலைக்கழகத்தைப் பற்றி அவர்கள் இருவருக்கும் தெரியாது.

முடிச்சுப் பாடத்தில் மட்டும் வீட்டுக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. ரீஃப், கிளோவ் ஹிட்ச், போலைன் என்று துணிகாயப்போடும் கயிற்றில் போட்டுக் காட்டினான். இரண்டாவது சுற்றை மாற்றிப் போட்டால் ரீஃப் முடிச்சு பாரம் தாங்காமல் நழுவும், அதில் நிறையப் பேர் தவறுகிறார்கள் என்றான். என் மனைவி கயிற்றை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு சரியான முடிச்சைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இத்தனை வருடம் இடுப்பில் படங்கு கட்டிய கை அது. அந்த வாரம் அவள் என்னிடம் பேசிய தொனியே வேறு.

கண்ணிவெடிப் பாடம் தொடங்கிவிட்டது என்று அவன் சொன்ன ஞாயிற்றுக்கிழமை யாரும் "சாப்பிட்டியா" என்று கேட்கவில்லை. எனக்கும் கிரீஸ் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்தாயிற்று. பெரிய டின் மேசையில் வெறுமையாக இருந்தது.

உதவி வந்தது கிளிநொச்சியிலிருந்து. என் பெரியப்பா குடும்பம் 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயத்தை விட்டு ஓடி வன்னிக்குப் போன குடும்பம். அப்படிப் போன தோட்டத்துக் குடும்பங்கள் கொஞ்சமில்லை. காடு வெட்டி மண் வீடு கட்டி, யுத்தத்தில் அதையும் விட்டு ஓடி, திரும்பி வந்து மறுபடி கட்டினார்கள். பெரியப்பா மகன், என் அண்ணன், எங்களோடு போனில் நன்றாகப் பேசுவார். மகன் பட்டாளத்துக்குப் போன பிறகும் பேசினார். தோட்டத்து மழை, வன்னி வெயில், நெல்லு விலை எல்லாம் கேட்பார். பையனைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார். நானும் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் இருவரும் கவனமாகக் கால் வைத்தோம்.

அண்ணனின் மகள் பல வருடமாகக் கண்ணிவெடி அகற்றுகிற வேலை செய்கிறாள். 2002 சமாதானத்தோடு வடக்கில் அந்த வேலை பெரிதாகத் தொடங்கியது. யுத்தத்துக்குப் பிறகு உள்ளூர்ப் பெண்கள் நிறையப் பேர் அதில் சேர்ந்தார்கள். யுத்தத்தில் வருடக்கணக்காக முன்னரங்காக இருந்த முகமாலை, உலகத்தின் பெரிய கண்ணிவெடி வயல்களில் ஒன்று. அங்கே இவள் போன்ற பெண்கள் முகக்கவசமும் கனத்த அங்கியும் போட்டு, முழங்காலில் இருந்து, மண்ணை வாரி வாரி மிதிவெடி எடுத்திருக்கிறார்கள். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில்; அதற்கு எத்தனையோ வருடம் முன்பே இவர்கள் வேலையில் இறங்கிவிட்டார்கள். ஏதோ பெரிய மெஷின் இருக்கும், எனக்கு விளங்கும் என்று நினைத்துக் கருவிகளைப் பற்றிக் கேட்டேன். மெஷின் இருக்கிறது, டிடெக்டர் இருக்கிறது, ஆனால் தன் கையில் அதிகம் இருந்தது குப்பைவாரிதான் என்றாள். வாசல் கூட்டுகிறவர்கள் பிடிக்கும் அதே சாமான், நீளக் கைப்பிடியோடு. நாற்பது வருடம் ஸ்பானர் பிடித்தவன் அதன் பிறகு என்ன பேசுவது?

அவள் குரல்பதிவு அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு போனையும் ஒட்டிப் பிடித்து மகனுக்குப் போட்டுக் காட்டுவோம். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"தம்பி, அவசரப்படாதை. அவசரக்காரனை எங்கட ஆக்கள் முதல் நாளே வீட்டை அனுப்பிப்போடுவினம். முழங்காலுக்கு மெத்தையா ஏதும் வை. தண்ணி குடி. லேனுக்குள்ள நிக்கேக்க வீட்டை நினைக்காதை. நினைக்கிறதெண்டால் வெளியில வந்து, நிழலில இருந்து, வடிவா நினைச்சுப்போட்டுப் பிறகு உள்ளுக்குப் போ."

இதைக் கேட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் பிரச்சினைகளை அவனிடம் சொல்வதை நிறுத்தினோம். கூரைத் தகரம் பறந்தது, கரட்டுப் பாத்தியைப் பன்றி கிண்டியது, தங்கச்சி கணக்கில் குறைந்த புள்ளி எடுத்தது எல்லாம் பாடம் முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டன. தங்கச்சி மட்டும் இந்தப் பாடம் இன்னும் கொஞ்சம் நீளக்கூடாதா என்று விரும்பினாள்.

ஒருநாள் அண்ணனின் மகள் பேசிக்கொண்டிருக்கும்போது அண்ணன் போனை வாங்கினார்.

"அவனுக்கு முழங்கால் நோகுதோ?"

"நோகுதாம் அண்ணே."

"நோகும். இவளுக்கும் நோகிறதுதான். ராத்திரியில நல்லெண்ணெய் போடச் சொல்லு."

பட்டாளத்தைப் பற்றி அவர் வாய் திறந்தது அத்தோடு சரி. நான் நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்று வாங்கி, மாசிச் சம்பல் போத்தலோடு சேர்த்துக் கட்டினேன்.

பாடம் முடிந்த நாளில் எங்களை எம்பிலிப்பிட்டியவுக்குக் கூப்பிட்டார்கள். அப்பாயியும் வருவேன் என்று நின்றார். வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். எல்லோரும் பையைத் துழாவிக்கொண்டிருக்க, அப்பாயி முதல் ஆளாக, பொலிதீனில் சுற்றிய அட்டையை நீட்டினார். அந்த அட்டை அவருக்குச் சும்மா வந்ததில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் அவரை நாடில்லாதவராக்கியது. 1964இல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து, அங்கே 525,000 பேர், இங்கே 300,000 பேர் என்று பங்கு போட்டபோது, அவர் எந்தப் பங்கில் என்று தெரியாமலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்த நாட்டுக்காரரானார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஆற்றுக்குக் குளிக்கப் போனாலும் அட்டை கூடவே போகும். வாசலில் நின்ற பையன் அதை வாங்கிப் பார்த்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். "சரியா பாத்தியா?" என்று அப்பாயி தமிழில் கேட்டார். அவன் சிங்களத்தில் "ஹரி ஆச்சி" என்றான்.

அணிவகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. ஒரே உடுப்பு, ஒரே முடிவெட்டு, ஒரே நடை. என் மனைவி கடைசி வரை வேறு யாரோ ஒரு பையனைப் பார்த்துக் கண் கலங்கிக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை. அந்தப் பையனுக்கும் யாராவது கலங்கத்தானே வேண்டும்.

எல்லாம் முடிந்து, டவுனுக்கு வெளியே ஒரு தயிர்க்கடை வாசலில் மகனின் கூட்டாளிகளும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்தோம். பாலச் சட்டம் தூக்கிய ஆறு பேர் இவர்கள்தான் என்று மகன் காட்டினான். முறுக்குத் துண்டில் கையெழுத்துப் போட்டவர்களும் அதில் இருந்தார்கள். அந்த ஆறு பேருக்கும் ஆறு அப்பாக்கள். மெதவாச்சியிலிருந்து ஒரு விவசாயி, அம்பலாந்தோட்டை மீன் வியாபாரி, குருநாகல் பஸ் டிரைவர், வாழைச்சேனை மேசன், பதுளைத் தபால்காரர், நான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டின். கொக்கிஸ், கெவும், தொதல், முறுக்கு எல்லாம் தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. பேச்சுக் கொடுத்துப் பார்த்ததில், மெதவாச்சிக்காரரும் மகனுக்கு கிரீஸ் பற்றி ஆலோசனை சொல்லியிருந்தார். டிராக்டர் கிரீஸ். மீன் வியாபாரி படகு முடிச்சு சொல்லிக்கொடுத்திருந்தார். தபால்காரர் வாராவாரம் மூன்று பக்கக் கடிதம் எழுதியிருந்தார். பிள்ளைகள் எவரும் இவற்றை வைத்து ஒரு மார்க் கூட வாங்கவில்லை. ஆறு ஏழாவது ஆட்களும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டோம்.

அப்பாயி வெயிலில் நின்றார். கடை வாசலில் ஒரு நீளப் பலா மர வாங்கு கிடந்தது. அதை அந்தப் பக்கத்து மரத்தடிக்குக் கொண்டுபோனால் நிழல். யார் முதலில் குனிந்தார் என்று தெரியாது. ஆறு அப்பாக்களும் ஆளுக்கொரு பிடி பிடித்தோம். பிள்ளைகள் பதறி ஓடி வந்தார்கள். பிடிக்க இடமில்லை. "புதா, அஹகட்ட வென்ன" என்று மெதவாச்சிக்காரர் தன் மகனைத் தள்ளி நிற்கச் சொன்னபோது அந்தக் குரலில் ஒரு பயிற்சிக்காலத்தின் வஞ்சம் முழுக்க இருந்தது. கால் இடறாமல் கொண்டுபோய் வைத்தோம். அப்பாயி போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். எங்களுக்கு மூச்சு வாங்கியது, மார்பு நிமிர்ந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் தெரிந்தது, அது முசுறு எறும்பு கூடு கட்டிய மரம்.

"எறங்குங்கம்மா, வேற எடத்தில போடுறோம்" என்றேன். அப்பாயி இறங்க மறுத்தார். உட்கார்ந்தால் எழும்புவது கஷ்டம், எழும்பினால் உட்காருவது கஷ்டம், ஆறு தடிப்பயல்கள் நிற்கும்போது நான் எதற்கு இறங்கவேண்டும் என்றார். அது நியாயமான கேள்வி. பிள்ளைகள் வந்து பக்கத்துக்கு மூன்று பேராகக் குனிந்தார்கள். பழக்கதோஷத்தில் நானும் நடுவில் கையை நீட்டினேன்.

"அப்பா, சத்தம் மட்டும் போடுங்க. கை வைக்காதீங்க."

சரி என்று தள்ளி நின்று, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "எக்க, தெக்க, துன" என்றேன். இலங்கை இராணுவத்தின் பொறியியல் படையைச் சேர்ந்த ஆறு பேர் வாங்கோடு சேர்த்து என் அம்மாவைத் தூக்கினார்கள். அவர் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து எனக்கு உத்தரவு போட்டார்:

"மெதுவா நடக்கச் சொல்லுடா. ஐடென்டிகார்ட் விழுந்துறப் போவுது."